மேல்வலிக்கு நாலு மாத்திரை! விலை என்ன?

 

கோட்டாறு சந்தையில் மூட்டை இறக்குகிற தொழிலாளி, குளச்சலில் கரையேறுகிற மீனவர், குலசேகரம் பக்கம் விடியுமுன் ரப்பர் வெட்டப் போகிறவர், தக்கலையில் காலை முதல் இரவு வரை கல்லாவில் உட்கார்ந்தே முதுகு ஒடிந்துபோன ஜவுளிக்கடைக்காரர் - இந்த நான்கு பேரும் அந்தி மயங்கினால் ஒரே இடத்தில்தான் கூடுகிறார்கள். எங்கே? மெடிக்கல் கடை வாசலில்!

"மேலு வலிக்கி... ஒரு நேரத்துக்கு மாத்திரை குடுங்க."

டாக்டர் சீட்டு இல்லை. என்ன வலி, எத்தனை நாளாக, சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா என்ற கேள்வி இல்லை. கத்தரியால் வெட்டிய மூன்று நான்கு மாத்திரைகள் ஒரு சின்னக் காகித உறைக்குள் விழுகின்றன. வெட்டிய துண்டில் மருந்தின் பெயர் பாதி இருக்கும், பாதி இருக்காது. பில்? அதெல்லாம் கேட்கிற பழக்கமே நமக்கு இல்லை! கால் மணி நேரத்தில் வலி போய்விடுகிறது. மறுநாள் மறுபடியும் அதே கடை, அதே உறை.

பிஸ்கட் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்து ஹலால் முத்திரை தேடுகிற சமுதாயம் இது. கேப்சூல் உறையின் ஜெலட்டின் எதிலிருந்து வந்தது என்று பள்ளிவாசல் வராண்டாவில் மணிக்கணக்காக விவாதிக்கிறோம். நல்லது. விவாதிக்கட்டும். ஆனால் அந்த உறைக்குள் இருப்பது என்ன மருந்து, அது உடம்புக்குள் போய் என்ன செய்கிறது என்று ஒருவராவது கேட்டதுண்டா?

வலி மாத்திரை தின்றால் வயிறு புண்ணாகும், கிட்னி கெடும் என்பது இப்போது எல்லோருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே தின்கிறோம், அது வேறு விஷயம். ஆனால் இந்த மாத்திரைகளில் சில உடலின் ஹார்மோன்களிலும் கை வைக்கின்றன என்பதை யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. ஹார்மோன் என்றால் ஏதோ பெண்கள் சமாச்சாரம் என்று நினைத்துப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள் சகோதரர்களே! உங்கள் தெம்பு, தூக்கம், சர்க்கரை, எலும்பு, ஆண்மை, பிள்ளைப்பேறு என எல்லாவற்றுக்கும் கட்டளையிடுவது அதுதான்.

வலி எப்படி அடங்குகிறது?

ஆஸ்பிரின் நூறு ஆண்டுக்கு மேலாக விற்கிற மாத்திரை. ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்பதை இங்கிலாந்தின் ஜான் வேன் 1971-ல்தான் கண்டுபிடித்துச் சொன்னார். 1982-ல் அதற்காக நோபல் பரிசும் பெற்றார். அடிபட்ட இடத்தில் உடல் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளைச் சுரக்கிறது. வலி, வீக்கம், காய்ச்சல் எல்லாம் அதன் வேலை. ஆஸ்பிரினும், அதன் தம்பிமார்களான இபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் வகையறாக்களும் அந்தச் சுரப்பை அடைத்துவிடுகின்றன. வலி அடங்குகிறது.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. அந்தப் புரோஸ்டாகிளாண்டின் வலிக்காக மட்டும் படைக்கப்பட்டதல்ல. சுரந்த இடத்திலேயே நின்று வேலை பார்க்கிற, ஹார்மோன் போன்ற பொருள் அது. வயிற்றின் உட்சுவரைக் காப்பது அது. சிறுநீரகத்துக்குள் இரத்த ஓட்டத்தைச் சீராக வைப்பது அது. பெண்ணின் சினைப்பையிலிருந்து மாதந்தோறும் கருமுட்டை வெடித்து வெளியே வர உதவுவதும் அதுதான். மாத்திரைக்கு முதுகு எது, சினைப்பை எது என்று தெரியுமா? போகிற இடமெல்லாம் அடைத்துக்கொண்டே போகும்!

உறைக்குள் இருக்கும் சின்ன மாத்திரை

இனி அந்தக் காகித உறைக்கு வருவோம். அதில் ஒன்று வலி மாத்திரை. ஒன்று வயிற்றுக்கு. பல நேரங்களில் இன்னொன்றும் இருக்கும். சின்னதாக, மலிவாக, ஒன்றுமறியாத பிள்ளைபோல. அதன் பெயர் டெக்ஸாமெதசோன். ஸ்டீராய்டு!

கால் மணி நேரத்தில் எழுந்து நடக்க வைப்பது முதல் மாத்திரை. மறுநாளும் "அடேயப்பா, அந்தக் கடை மாத்திரைதான் மாத்திரை" என்று உங்களைச் சொல்ல வைப்பது இது. பசி எடுக்கும், தெம்பு வரும், முகம் பளபளக்கும். கடைக்குக் கைராசி என்ற பெயரும் கிடைக்கும்.

நம் இரண்டு சிறுநீரகங்களின் தலைமேலும் தொப்பி வைத்ததுபோல ஒவ்வொரு சுரப்பி உண்டு. அட்ரினல் என்று பெயர். உயிர் வாழத் தேவையான கார்டிசால் என்ற ஹார்மோனை அது தினமும் சுரக்கிறது. "இன்று இவ்வளவு சுர" என்று உத்தரவு போடுவது மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்து விழுந்தால் பிட்யூட்டரி என்ன நினைக்கும்? 'சரக்கு வேண்டிய அளவு வந்துவிட்டது, உற்பத்தியை நிறுத்து' என்று அட்ரினலுக்குச் சொல்லிவிடும். வியாபாரிகளான உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெளியூர் மலிவுச் சரக்கு குவிந்தால் உள்ளூர்ப் பட்டறை மூடிப்போகும் கதைதான்! 0.5 மில்லிகிராம் டெக்ஸாமெதசோன் மாத்திரை ஒன்றே, உடல் ஒரு நாள் முழுக்கச் சுரக்கிற கார்டிசாலுக்கு ஏறத்தாழ ஈடு. நாளைக்கு இரண்டு, மூன்று என்று வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தின்றால் பட்டறை துருப்பிடித்துச் சுருங்கிவிடும்.

பிறகு ஒருநாள் கடை அடைப்பு. அல்லது உம்ராவுக்குப் புறப்படுகிறார், மாத்திரை எடுத்துப் போகவில்லை. அல்லது காய்ச்சலோ ஆபரேஷனோ வருகிறது. உடல் கார்டிசாலைக் கேட்கிறது. பட்டறையில் சரக்கு இல்லை. வாந்தி, மயக்கம், பிரஷர் சரிவு. சில வேளை உயிரே போகிறது. என்ன நோய் என்று கேட்டால் வீட்டாருக்குச் சொல்லத் தெரியாது. ஏனென்றால் தின்ற மாத்திரையின் பெயரே அவர்களுக்குத் தெரியாது!

அதற்கு முன்பே வருகிற அடையாளங்களும் உண்டு. முகம் உப்பி வட்டமாகும், வயிறு பெருக்கும், கைகால் சூம்பும், தோல் தொட்டால் கன்றிப்போகும், எலும்பு உளுத்துப்போகும், சர்க்கரையும் பிரஷரும் ஏறும். உப்பிய முகத்தைப் பார்த்து "காக்கா நல்லா தேறிட்டாரு" என்று நாமே சொல்கிறோம்!

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். இதே டெக்ஸாமெதசோன், 2020-ல் கொரோனாவில் மூச்சுத் திணறியவர்களின் உயிரைக் காப்பாற்றும் என்று இங்கிலாந்து ஆய்வு நிரூபித்தது. ஆஸ்த்மாவிலும், கடுமையான அலர்ஜியிலும், வேறு பல நோய்களிலும் ஸ்டீராய்டு உயிர்காக்கும் மருந்து. ஆனால் அடுத்த ஆண்டே, 2021-ல், அதை அளவின்றி அள்ளிக் கொடுத்ததும் சர்க்கரை தாறுமாறாக ஏறியதும் நம் நாட்டில் கருப்புப் பூஞ்சை நோய் பரவக் காரணங்களாயின. மருத்துவர் எழுதிக் கொடுத்து ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுத் திடீரென்று நிறுத்திவிடக் கூடாது! படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும், அதுவும் மருத்துவர் சொல்படி. இரகசியமாக உறையில் போட்டுக் கொடுப்பதைத்தான் எதிர்க்கிறோம்.

இங்கிலீஷ் மருந்தே வேண்டாம், நாட்டு மருந்து போதும் என்கிறவர்களுக்கும் ஒரு சொல். இது வர்மக்கலை பிறந்து வளர்ந்த மண். ஆசான்மாரின் தடவு முறையையும் எண்ணெயையும் நாம் குறை சொல்லவில்லை. நம்மில் பலருடைய சுளுக்கை எடுத்தவர்கள் அவர்கள். ஆனால் பெயரும் லேபிளும் இல்லாத பொட்டலத்தில் 'மூட்டுவலிச் சூரணம்' என்று விற்கப்படுபவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதை ஆய்வாளர்கள் நம் நாட்டில் பலமுறை கண்டிருக்கிறார்கள். ஒரே வேளையில் முட்டுவலியைப் பறக்கடிக்கும் சூரணம் எதுவானாலும் சந்தேகப்படுங்கள்.

பெண்ணின் தலையில் ஏன் பழி?

கல்யாணம் முடிந்து இரண்டு வருடம். குழந்தை இல்லை. மாமியார் முகம் சுளிக்கிறார். பெண்ணை ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக இழுத்துப் போகிறார்கள். மார்த்தாண்டம் முதல் திருவனந்தபுரம் வரை பரிசோதனை. நகை அடகுக்குப் போகிறது. 'வேறு பெண் பார்க்கலாமா' என்றுகூடச் சில வீடுகளில் வாய் கூசாமல் பேசுகிறார்கள்! அந்தப் பெண் இடுப்பு வலிக்காகத் தினமும் டைக்ளோஃபெனாக் விழுங்குகிறாளா என்று யாராவது கேட்கிறார்களா?

பாக்தாத் பல்கலைக்கழகத்தின் மருத்துவர்கள் 2015-ல் ஓர் ஆய்வை ஐரோப்பிய மாநாட்டில் முன்வைத்தார்கள். போரிலும் தடைகளிலும் நொறுக்கப்பட்ட ஈராக்கிலிருந்து வந்த ஆய்வு என்பதையும் கவனியுங்கள்! முதுகுவலியுள்ள 39 பெண்கள். சிலருக்கு டைக்ளோஃபெனாக், சிலருக்கு நாப்ராக்சென், சிலருக்கு எட்டோரிகாக்சிப். மீதிப் பேருக்கு இவை எதுவும் இல்லை. மாதச் சுழற்சியின் நடுவில் 10 நாட்கள் கொடுத்தார்கள். மாத்திரை சாப்பிடாத பெண்கள் அனைவருக்கும் கருமுட்டை வெளியானது. டைக்ளோஃபெனாக் சாப்பிட்டவர்களில்? 100-க்கு 6 பேர் என்ற கணக்கில்தான்! மற்ற இரண்டிலும் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. புரொஜெஸ்டிரான் ஹார்மோனும் குறைந்திருந்தது.

சிறிய ஆய்வுதான். மாத்திரையை நிறுத்தினால் அடுத்த சுழற்சிகளில் சரியாகிவிடக்கூடிய விளைவுதான். மாதவிலக்கு வலிக்கு ஒன்றிரண்டு நாள் மாத்திரை சாப்பிடுகிற பெண்கள் பயப்பட வேண்டியதில்லை; முட்டை வெளியாகும் காலம் அதுவல்ல. குழந்தையை எதிர்பார்க்கிற பெண் நாள் தவறாமல் தின்பதுதான் ஆபத்து. இதைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். இதைக் கேட்காமலேயே லட்சக்கணக்கில் பில் போடுகிறவர்களை என்னவென்பது?

கர்ப்பிணிகள் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. கர்ப்பத்தின் 20-வது வாரத்துக்குப் பிறகு இபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக் வகைகளைத் தவிர்க்கும்படி அமெரிக்க மருந்துத் துறை 2020-ல் எச்சரித்தது. வயிற்றுக் குழந்தையின் சிறுநீரகம் பாதிக்கப்பட்டு பனிக்குட நீர் குறையும் என்பதே காரணம். பாராசிட்டமால்? 2025 செப்டம்பரில் அமெரிக்க அதிபர் டிரம்ப் மேடையேறி, கர்ப்பிணிகள் அதைச் சாப்பிட்டால் குழந்தைக்கு ஆட்டிசம் வரும் என்று முழங்கினார். அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் உடனே மறுத்தது. ஸ்வீடனில் சுமார் 25 லட்சம் குழந்தைகளை வைத்து 2024-ல் வெளியான ஆய்விலும், உடன்பிறந்தவர்களை ஒப்பிட்டபோது அப்படி ஒரு தொடர்பு தென்படவில்லை. அதிபர் சொன்னால் அறிவியல் ஆகிவிடுமா?

அதற்காக அது மிட்டாயும் ஆகிவிடாது. எடின்பர்க் ஆய்வாளர்கள் 2015-ல், மனிதக் கருவின் விதைப்பைத் திசுவை எலிகளில் பொருத்தி பாராசிட்டமால் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு நாள் கொடுத்ததில் மாற்றம் இல்லை. ஏழு நாள் தொடர்ந்து கொடுத்தபோது ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரான் 45 சதவீதம் குறைந்தது. எலியில் கண்டது மனிதருக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. 2021-ல் 91 மருத்துவர்களும் ஆய்வாளர்களும் ஆதரவளித்து வெளியான அறிக்கை கேட்டுக்கொண்டதும் நிதானமான ஒன்றைத்தான்: தேவைப்பட்டால் சாப்பிடுங்கள், குறைந்த அளவில், குறைந்த நாட்களுக்கு, மருத்துவரைக் கேட்டு. கர்ப்பிணிக்குக் கடும் காய்ச்சலை அடக்காமல் விடுவதும் தீங்குதான் என்பதை மூத்தும்மாக்களுக்கும் எடுத்துச் சொல்லுங்கள்.

இளைஞனே, உனக்கு!

மாலையில் கால்பந்து, காலையில் ஜிம். உடம்பு வலிக்கக் கூடாது என்று முன்கூட்டியே ஒரு இபுபுரூஃபென். இந்தப் பழக்கம் கடற்கரை ஊர்களில் கூடிவருகிறது. 2018-ல் டென்மார்க், பிரான்ஸ் ஆய்வாளர்கள் 18 முதல் 35 வயதுள்ள 31 ஆண்களைத் தேர்ந்தெடுத்தார்கள். 14 பேருக்கு நாளொன்றுக்கு 1200 மில்லிகிராம் இபுபுரூஃபென், ஆறு வாரம். இரண்டே வாரத்தில், விதைப்பையை 'சுர, சுர' என்று விரட்டும் எல்.எச். ஹார்மோன் 23 சதவீதம் ஏறியது. ஆறு வார முடிவில் 33 சதவீதம். டெஸ்டோஸ்டிரான் விழவில்லை, ஆனால் அதே அளவை எட்டிப்பிடிக்க உடல் கூடுதலாகச் சாட்டையடி கொடுக்க வேண்டியிருந்தது. வயதானவர்களிடம் காணப்படும் நிலை இருபது வயது இளைஞனிடம்! பல்வலிக்கு மூன்று நாள் சாப்பிடுவதைப் பற்றியதல்ல இந்த ஆய்வு. மாதக்கணக்கில் தின்பவனைப் பற்றியது.

இதைவிடக் கொடியது ஒன்று. எழுதவே கை கூசுகிறது. ஆனாலும் எழுதாமல் தீராது.

டேபென்டடால். ஆபரேஷன் வலிக்கும் கடுமையான நரம்பு வலிக்கும் கொடுக்கிற, அபின் குடும்பத்தைச் சேர்ந்த மாத்திரை. டிராமடால் 2018 ஏப்ரலில் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள் கொண்டுவரப்பட்ட பிறகு, கள்ளச்சந்தையில் அதன் இடத்தைப் பிடித்தது இது. 'வலி நிவாரண மாத்திரையைக் கரைத்து ஊசி போட்ட வாலிபர்கள் கைது' என்ற செய்தி தமிழகத்து நாளேடுகளில் இப்போது வாடிக்கையாகிவிட்டது. பிடிபட்ட பெயர்களில் நம் பிள்ளைகளின் பெயரும் இருக்கிறது. மறைத்து என்ன பயன்?

சாராயம் ஹராம் என்று ஒதுங்குகிற பையன், 'இது மருந்துதானே' என்று தன்னையே ஏமாற்றிக்கொள்கிறான். மதியை மயக்குவது புட்டியில் வந்தாலும் அட்டையில் வந்தாலும் ஒன்றுதான் தம்பி! அபின் வகை மருந்துகள் மூளையின் ஹைப்போதலாமஸிலேயே கை வைக்கின்றன. அங்கிருந்து பிட்யூட்டரிக்குப் போகிற உத்தரவு நிற்கிறது. எல்.எச். விழுகிறது. டெஸ்டோஸ்டிரான் விழுகிறது. ஆசை போகிறது, தெம்பு போகிறது, விந்தணு குறைகிறது, எலும்பு மெலிகிறது, மனம் இருண்டு போகிறது. பெண்களுக்கு மாதவிலக்கே நின்றுபோகலாம். 2016-ல் அமெரிக்க மருந்துத் துறை, அட்ரினல் சுரப்பி குன்றுவதையும் பாலின ஹார்மோன் குறைவதையும் எல்லா அபின் வகை வலி மருந்துகளின் லேபிளிலும் எச்சரிக்கையாகச் சேர்க்க உத்தரவிட்டது. ஒரே ஊசியை நான்கு பேர் பகிர்ந்தால் எய்ட்ஸும் மஞ்சள் காமாலைக் கிருமிகளும் சேர்ந்தே வரும்.

நாம் கேட்கிற கேள்வி வேறொன்றும் உண்டு. பையனைப் பிடிக்கிறீர்கள், பத்திரிகைக்குப் படம் கொடுக்கிறீர்கள். அட்டையில் கம்பெனி பெயர் இருக்கிறது, பேட்ச் எண் இருக்கிறது. அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு மொத்த வியாபாரி வரைக்கும், கம்பெனி வரைக்கும் எத்தனை வழக்குகள் போயிருக்கின்றன? இந்தியாவிலிருந்து டேபென்டடாலும் கேரிசோபுரோடாலும் கலந்த மாத்திரைகள் கானா, நைஜீரியா, ஐவரி கோஸ்ட் தெருக்களில் போதையாக விற்கப்படுவதை 2025 பிப்ரவரியில் பி.பி.சி. படம் பிடித்துக் காட்டியது. அதன் பிறகுதான் அந்தக் கலவையின் ஏற்றுமதிக்கு மத்திய அரசு தடை போட்டது. அந்நியன் கேமரா கொண்டுவந்தால்தான் நம் அரசுக்குக் கண் தெரியுமா?

எப்போதும் இதே கதைதான். நிமெசுலைடு ஈரலைக் கெடுக்கிறது என்று ஸ்பெயினும் பின்லாந்தும் 2002-லேயே விற்பனையை நிறுத்தின. இங்கே 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அதைத் தடுக்க 2011 வரை காத்திருந்தார்கள். 100 மில்லிகிராமுக்கு மேற்பட்ட மாத்திரைக்குத் தடை வர 2025 டிசம்பர் ஆயிற்று! நம் காஞ்சிபுரம் மாவட்டத்துக் கம்பெனியின் இருமல் மருந்தில் 48.6 சதவீதம் நச்சு ரசாயனம் இருந்ததை 2025 அக்டோபரில்தான் கண்டார்கள். மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட பிஞ்சுகள் மண்ணுக்குள் போய்விட்டன.

வியாபாரப் பெருமக்களுக்கு

மெடிக்கல் வைத்திருக்கும் சகோதரர்களே! டெக்ஸாமெதசோனும் டைக்ளோஃபெனாக்கும் டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதவை. டிராமடால் போன்றவை 2014 மார்ச் முதல் எச்-1 பட்டியலில் உள்ளன. வாங்கியவர் பெயர், எழுதிய டாக்டர் பெயர், அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். இது உங்களுக்குத் தெரியாததல்ல. "நான் கொடுக்காவிட்டால் அடுத்த கடைக்காரன் கொடுப்பான்" என்கிறீர்கள். வட்டிக்கடைக்காரனும் அதைத்தானே சொல்கிறான்!

மளிகைக்கடை, பெட்டிக்கடை வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு செய்தி. பாராசிட்டமால், ஆஸ்பிரின் போன்ற சில வீட்டு மருந்துகளை லைசென்ஸ் இல்லாமல் விற்க விதிவிலக்கு உண்டு. ஆனால் 1000 பேருக்கு மேற்படாத கிராமத்தில் மட்டும்! 2011 கணக்கிலேயே 18 லட்சத்து 70 ஆயிரம் பேர் நெருக்கியடித்து வாழ்கிற நம் மாவட்டத்தில் அப்படி எத்தனை ஊர் தேறும்? மற்ற இடங்களில் லைசென்ஸ் இல்லாமல் மருந்து விற்றால் 1940-ம் ஆண்டு மருந்துச் சட்டத்தின்படி குறைந்தது மூன்று ஆண்டு சிறை, ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம். ஷாம்பு பாக்கெட்டோடு மாத்திரை அட்டையையும் தொங்கவிட்டிருப்பவர்கள் இன்றே கழற்றிவிடுங்கள்.

"டாக்டரிடம் போக எங்களுக்கு நேரமேது? ஒரு நாள் கூலி போகுமே" என்று தொழிலாளி கேட்பது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேண்டியது அரசு. 1838-லேயே நெய்யூரில் மிஷன் மருத்துவமனை கண்ட மாவட்டம் இது. இன்று ஆசாரிப்பள்ளத்தில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையே இருக்கிறது. ஆனால் அரசு மருத்துவமனை ஓ.பி. பெரும்பாலும் காலையோடு முடிகிறது. மூட்டை தூக்குகிறவன் காலையில் எப்படி வருவான்? 2021-ல் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியபோது வீடு தேடி பிசியோதெரபியும் வரும் என்றார்கள். வயதானவர்களின் முட்டுவலிக்கும் பக்கவாதத்துக்கும் அது மிக அவசியம். நம் மஹல்லாக்களில் எத்தனை வீட்டுக்கு வந்திருக்கிறது என்று கணக்கெடுக்க வேண்டும்.

நம் ஜமாஅத்துகள் மாவட்ட ஆட்சியரிடம் எழுதிக் கொடுக்க வேண்டிய மனு இப்படி இருக்கட்டும்: சந்தை, துறைமுகம், ரப்பர்ப் பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்களில் மாலை ஓ.பி. வேண்டும். பெயரில்லாத உறையில் மருந்து விற்பதை மருந்து ஆய்வாளர் நேரில் சோதிக்க வேண்டும். போதை மாத்திரை வழக்கு ஒவ்வொன்றிலும் பேட்ச் எண் வழியாக மொத்த வியாபாரியையும் சேர்க்க வேண்டும். கோட்டாறு, இடலாக்குடி, தக்கலை, திருவிதாங்கோடு, குளச்சல், தேங்காய்ப்பட்டணம் ஜமாஅத் நிர்வாகிகள் கையெழுத்திட்டுக் கொண்டுபோனால் எந்த ஆட்சியரும் தட்டிக்கழிக்க முடியாது.

மனு போய்ச் சேரும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டாம். இன்று அந்தியில் மெடிக்கல் கடைக்குப் போனால் முழுப் பெயர் தெரியும்படி மாத்திரையைக் கேளுங்கள், பில் கேளுங்கள். வீட்டில் பழைய காகித உறை கிடந்தால் அதை வீசிவிடாமல் அடுத்த முறை டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். உம்மாவின் தலையணைக்கு அடியிலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.